ஈரம் ஏறிய எடை

என் மனைவி படுக்கைக்கு மூன்றாவது தலையணை கேட்டபோது, அதைக் கழுத்துவலி என்றே எண்ணிக்கொண்டேன். அது மார்கழி மாதம். போடியில் அந்த மாதத்தில் மலையிலிருந்து இறங்கும் பனி தெருவுக்குள் வந்து அமர்ந்துவிடும். இருமாதவர் எந்த வீட்டிலும் இருப்பதில்லை. அவளுடைய இருமலையும் பனியின் கணக்கில் எழுதிவிட்டோம்.

விடியலில் கோயிலுக்குச் சென்று பாடுவது எங்கள் இருவருக்கும் நெடுநாளைய வழக்கம். நான் அடியை எடுப்பேன். அவள் வாங்கி முடிப்பாள். பழைய பக்திப் பாடல்களில் அடிகள் நீளமானவை. எங்கே மூச்சு விடலாம், எங்கே விடலாகாது என்பதைப் பாட்டே சொல்லிவிடும். அந்த மார்கழியில் அவள், விடலாகாத இடங்களில் மூச்சு விட்டாள். ஓரடியின் பாதியில் குரல் நின்று, மீதிப் பாதியை நான் முடிக்க வேண்டியதாயிற்று.

"என்ன, நடுவுல நிப்பாட்டிட்ட?" என்றேன், திரும்பி வருகையில்.

"நீங்கதான் சவ்வு மாதிரி இழுத்து இழுத்துப் பாடுறீக. கொஞ்சம் வெரசா முடிச்சா சாமி கோவிச்சுக்கிருமா?"

சிரித்தபடி சொன்னாள். ஆனால் கோயிலை விட்டு வரும் சிறு இறக்கத்திலேயே இரண்டு வீட்டுச் சுவர்களைப் பிடித்து நின்றாள். ஏறும்போது நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். இறங்கும்போது நிற்பது எனக்குப் புதிது. வயதாயிற்று என்றாள் அவள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். முதுமை என்னும் சொல் எத்தனையோ நோய்களுக்குப் போர்வையாக இருந்துவிடுகிறது.

போர்வையை விலக்கியவன் அவளுடைய தம்பி. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு இருக்கும் சிறிய ஏலக்காய்த் தோட்டத்தை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பொங்கலுக்கு முன் காய் மூட்டையுடன் ஜீப்பில் வந்தவன், வாசலில் அக்காளின் காலைப் பார்த்து அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னக்கா, காலு இப்படிப் பொதபொதன்னு இருக்கு? மெட்டி சதைக்குள்ள போயிருச்சு."

"நின்னு நின்னு சமைச்சா வீங்காம என்ன செய்யும்? ஒன் மச்சானா வந்து வடிக்கிறாரு?"

அவன் கட்டைவிரலால் அவளுடைய கெண்டைக்காலை அழுத்தி எடுத்தான். விரல் எடுத்த இடத்தில் குழி விழுந்தது. அக்குழி மூடவில்லை. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், மூட்டையை எறக்குங்க. அக்காளை ஏத்துறேன்" என்றான்.

தேனியில் இதய மருத்துவர் ஒரு பெண்மணி. மகள் என்று சொல்லத்தக்க வயது. எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், திடீரென்று மூச்சு முட்டி எழுந்து உட்கார்வதுண்டா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் என் மனைவி தலையசைக்க, நான் அறியாத ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் என்று தோன்றிற்று. எழுந்து உட்கார்ந்ததை அவள் என்னிடம் சொன்னதில்லை. "நீங்க விடியக்காலம் எந்திரிச்சுப் பாடணும்ல, தூக்கம் கெட்டுரும்னு சொல்லல" என்றாள், மருத்துவர் எதிரிலேயே.

இ.சி.ஜி. எடுத்தார்கள், மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பிறகு எக்கோ. அந்த இருட்டறையில் என்னையும் நிற்க விட்டார்கள். நெஞ்சே என்று விளித்துப் பாடுவது எங்கள் பாடல் மரபு. சொன்னதைக் கேளாத பிள்ளையாகவும், வழிதவறும் மாடாகவும், இறைவன் குடியேறும் வீடாகவும் அந்நெஞ்சை வாயாரப் பாடி வந்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். சாம்பல் நிறத் திரையில் ஓர் அறை விரிந்து சுருங்கியது. சுருங்கியது என்பதைவிடச் சுருங்க முயன்றது எனல் தகும். களைத்த ஒருவர் கையை உயர்த்த எண்ணிப் பாதியில் விட்டுவிடுவது போல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எந்த வரியும் நினைவுக்கு வரவில்லை.

நோயின் பெயரைக் கேட்டபோது நான் சற்றுத் தளர்ந்தேன். இதயச் செயலிழப்பு. அப்பெயரை யார் வைத்தார்களோ, கேட்டவுடன் எல்லாம் முடிந்துவிட்டது போல் ஒலிக்கிறது. மருத்துவர் என் முகத்தைக் கவனித்துவிட்டார்.

"ஐயா, இதயம் நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்ல. அது அடிச்சுக்கிட்டுதான் இருக்கு. அனுப்ப வேண்டிய ரத்தத்தை முழுசா அனுப்ப அதுக்குத் தெம்பு பத்தல. ரொம்ப வருசமா இருந்த பிரஷர் அதைத் தளர்த்திருச்சு. போக வேண்டியது போகலைன்னா பின்னாடி தேங்கும் இல்லையா? அந்தத் தேக்கம்தான் நுரையீரல்ல நீரா, கால்ல வீக்கமா வந்திருக்கு."

"தீருமா அம்மா?"

"கட்டுல வச்சுக்கலாம். நல்லாவே வச்சுக்கலாம். ஆனா அதுக்கு நீங்க ரெண்டு பேரும் தினமும் வேலை பாக்கணும்."

தினமும் என்ற சொல்லை அன்று நாங்கள் இருவருமே கேட்டோம். கேட்டோமே தவிர வாங்கிக்கொள்ளவில்லை.

மருத்துவமனையில் ஊசிவழி மருந்து ஏறியதும் உடம்பில் தேங்கிய நீர் பிரியத் தொடங்கிற்று. நாள்தோறும் எடை பார்த்தார்கள், நாள்தோறும் குறைந்தது. கன்னம் ஒடுங்கியது. வளையல்கள் மணிக்கட்டில் ஆடின. ஒற்றைத் தலையணையில் மல்லாந்து படுத்து உறங்கினாள். மெலிந்துவிட்டாளே என்று எனக்கு உள்ளூர வருத்தம். எங்கள் பக்கத்தில் நோயாளி மெலிவது தீய குறி. தேறிய உடம்பு என்றால் சதைப்பிடித்த உடம்புதான். அந்த எண்ணம் எங்களை எங்கே கொண்டு விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் படுக்கையில்தான் அவள் வேண்டிக்கொண்டாள். எங்கள் தோட்டத்து வீட்டை ஒட்டிய சோலைக்குள், பலாமரத்தடியில் ஒரு வேல் நட்டிருக்கிறது. கூரைகூட இல்லாத கோயில். முதல் காய் எடுக்கும் நாளில் அங்கே பொங்கலிடுவோம். அந்த முருகனுக்கு, நடந்து வீடு போய்ச் சேர்ந்தால் ஒரு மண்டலம் உப்பில்லா விரதம் இருந்து, பங்குனி உத்திரத்தன்று மலையேறி முடிப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள்.

விடுவிக்கும் நாளன்று அறிவுரை சொன்ன செவிலி, மலைத் தோட்டப் பக்கத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு.

"அம்மே, ஊறுகாய் வேண்டாம், அப்பளம் வேண்டாம், கருவாடு வேண்டாம். உப்புக்குப் பகரம், மாத்துன்னு கடையில வேற உப்பு விக்கும், அதும் கேக்காம வாங்கக் கூடாது. முட்டு வலிக்குன்னு கடையில குளிகை, மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. தண்ணி, காப்பி, மோரு எல்லாம் சேத்து டாக்டர் சொன்ன அளவு. காலையில எந்திரிச்சு, வெளிக்குப் போய் வந்து, காப்பிக்கு முன்னே எடை பாக்கணும். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடியா உடனே போன் விளிக்கணும். கேட்டோ?"

"உப்பே வேணாந்தா. நான் விரதம்" என்றாள் என் மனைவி.

"விரதமா? அய்யோ, கொஞ்சம் போட்டுக்கலாம் அம்மே."

"கொஞ்சம் போட்டா அது பத்தியம். விரதமாகுமா?"

செவிலி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் பெருமையுடன் சிரித்தேன். மருத்துவர் விதித்ததும் தெய்வத்துக்கு நேர்ந்ததும் ஒன்றாகப் பொருந்திவிட்டது எவ்வளவு பெரிய அருள் என்று எண்ணினேன். உண்மையில் அது அருளாகவே இருந்தது. உப்பில்லாத கஞ்சியைக் கண்டு மற்ற நோயாளிகள் முகம் சுளிப்பார்கள். அவள் அதைப் பிரசாதம் போல் ஏற்றாள். மாத்திரைகளை ஒருவேளையும் தவறவிடவில்லை. நான் வாங்கி வந்த எடைக்கருவியில் காலையில் ஏறி நின்றாள். எண்ணை நான் நாட்காட்டியில் பென்சிலால் குறித்தேன். பாதத்தின் வீக்கம் வற்றி, நரம்பு தெரிந்தது. மாசி மாதத்தில் கோயிலுக்கு மெல்ல நடந்தே வந்தாள். பாட்டில் ஓரடியை முழுமையாக வாங்கி முடித்த அன்று, அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார்.

மீண்டும் பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். "சாமிக்கு முடிச்சுட்டுப் போவோம்" என்றாள். எனக்கும் அது முறையாகவே பட்டது.

பங்குனி உத்திரத்தன்று தம்பியின் ஜீப்பில் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் கை கூப்பினாள். வேலுக்கு முன் பொங்கல் பொங்கியது. நான் பாடினேன், அவள் முடித்தாள். விரதம் முடிக்கும் இலையில் வெண்பொங்கல், புளியோதரை, பொரித்த அப்பளம், மோர்மிளகாய். நார்த்தங்காய் ஊறுகாயை அவள் இலையில் எடுத்து வைத்தவன் நான்தான். அதை நாவில் வைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

"உப்புக்கு இம்புட்டு ருசியா?" என்றாள்.

"இன்னொரு துண்டு போடுங்க மச்சான். விரதம் முடிச்ச வாயி, மனங்குளிரச் சாப்பிடட்டும்" என்றான் தம்பி.

எங்கள் மரபில் விரதம் என்றால் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. மாலை போட்டால் கழற்றும் நாள் ஒன்று இருக்கும். காப்புக் கட்டினால் அவிழ்க்கும் நாள் ஒன்று இருக்கும். எவ்வளவு கடுமையான நெறியும் அந்த நாளை நோக்கியே நடப்பதால்தான் தாங்க முடிகிறது. கழற்றும் நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறோம். அவளும் அப்படியே கழற்றினாள். உப்பின் கட்டுப்பாடு போயிற்று. மாத்திரைகள் தீர்ந்தபோது, "அதும் முடிஞ்சுச்சு" என்று வெற்று அட்டைகளை மடித்துப் போட்டாள். எடைக்கருவி கட்டிலுக்கடியில் போயிற்று. நாட்காட்டியில் பென்சில் குறிகள் பங்குனியோடு நின்றன. மருந்தை நிறுத்தியதை நான் அறியாதவன் அல்லன். வேண்டுதல் நிறைவேறிவிட்டது, நோயும் அதனோடு நிறைவேறிவிட்டது என்றே நானும் நம்பியிருந்தேன்.

சித்திரையில் அவள் உடம்பு நிறைந்தது. பக்கத்து வீட்டார் வாசலில் நிறுத்திச் சொன்னார்கள்: "ஆத்தா, இப்பத்தான் பழையபடி ஆயிருக்கீக. தையில பாத்தப்ப குச்சியா இருந்தீக." அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. வளையல் மறுபடி இறுகியது, கன்னம் மினுங்கியது. பழைய செருப்பு பற்றவில்லை என்று புதிதாக வாங்கிக்கொண்டாள். கோயிலுக்கு வருவதை மட்டும், வெயில் அதிகம் என்று நிறுத்திக்கொண்டாள். விடியற்காலையில் போடியில் வெயில் ஏது என்று நான் கேட்கவில்லை.

ஒரு காலை, அடுப்படியிலிருந்து பூசையறைக்கு விளக்குத்திரியோடு வந்தவள், நடுவீட்டில் நின்றுவிட்டாள். எட்டும் தூரத்தில் சுவர் இல்லை. கை காற்றைப் பிடித்தது. "ஏங்க" என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

மீண்டும் தேனி. மீண்டும் ஊசி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவள் சற்று ஆறியபின் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"ஐயா, உள்ளதைச் சொல்லிடுறேன். ஒவ்வொரு தடவை இப்படித் தண்ணி கோத்துக்கிட்டு வரும்போதும் இதயம் இன்னும் கொஞ்சம் தளர்ந்து போகலாம். போன பலம் எல்லாம் திரும்ப வரும்னு சொல்ல முடியாது. அவங்க இங்க வராம வீட்லயே இருக்கணும். அதுதான் இப்ப நம்ம மருந்து."

வெளிவாசலில் வந்து அமர்ந்தேன். இறுதி வேளையில் புலன் கலங்கும்போது, மூச்சு தடுமாறும்போது, நீ வந்து நிற்க வேண்டும் என்று இறைஞ்சும் பாடல்கள் எத்தனையோ எனக்கு மனப்பாடம். அவற்றை எப்போதும் எனக்காகவே பாடியிருந்தேன். போகிறவன் நான், இருப்பவள் அவள் என்று ஏதோ ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டவன் போல் இருந்திருக்கிறேன். அன்று அந்த வாசலில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவள் வீட்டுக்கு வர வேண்டும்; வந்தால் இருக்க வேண்டும். அவ்வளவே.

உள்ளே சென்றபோது அவள் மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

"சாமிக்கு நான் என்ன கொறை வச்சேன்?" என்றாள். "ஒரு நாளு தப்பலையே. ஒரு கல்லு உப்பு தொடலையே. எதுக்கு ஏத்துக்கிறல?"

நோயைவிட அந்தக் கேள்வி அவளை வாட்டுவதைக் கண்டேன். அதற்கு விடையாக என் வாயில் எந்தப் பாட்டும் வரவில்லை. வந்தது என் பிழைப்புதான். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் கிடங்கில் காய் தரம் பார்ப்பது என் வேலையாக இருந்தது. கை நிறையக் காயை அள்ளி ஒரு குலுக்குக் குலுக்கினால் ஓசையிலேயே தெரிந்துவிடும். நன்றாக உலர்ந்த காய் கலகலவென்று பேசும். ஈரம் ஏறிய காய் பருத்துப் பளபளப்பாக இருக்கும், எடையும் கூடுதலாக நிற்கும், ஆனால் ஓசை மட்டும் மங்கிவிடும். அந்தக் கூடுதல் எடையில் சரக்கு கிடையாது. வெறும் நீர். அதைக் கட்டி அடுக்கினால் உள்ளே பூசணம் பிடித்துவிடும்.

"சாமி ஏத்துக்கிட்டாரு" என்றேன். "ஏத்துக்கிட்டதுனாலதான் மாசி பூரா நடந்து வந்து பாடுன. நாமதான் பாதியில நிறுத்திட்டோம். சித்திரையில ஒடம்பு தேறிருச்சுன்னு எல்லாரும் சொன்னாகளே, அது சதை இல்ல. ஈரம் ஏறுன காய் மாதிரி. அம்புட்டும் தண்ணி."

அவள் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மூக்கில் குழாய் இருந்தும் உதட்டோரம் அந்தப் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"கையில எடுத்தாலே ஈரத்தைச் சொல்லிருவேன்னு காலம் பூரா பெருமை அடிச்சீகளே. வீட்டுக்குள்ள ஒரு மூட்டை ஈரம் ஏறிக் கெடந்தது தெரியலையாக்கும்?"

"தெரியல" என்றேன்.

"அப்ப ஒங்க மொதலாளி எப்படித்தான் ஒங்களை வச்சிருந்தாரோ."

அந்நேரம் மருந்துத் தட்டோடு வந்த செவிலி, அதே மலைப்பெண், இடுப்பில் கைவைத்து நின்றாள். "அம்மே, போன தவணை போகும்போது உங்களைக் காணணும்னு நான் சொன்னேனா? போன் விளிக்கத்தானே சொன்னது?"

"ஒன்னைப் பாக்கணும்போல இருந்துச்சுத்தா" என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீடு திரும்பியபின் நான் எதையும் வற்புறுத்தவில்லை. மாத்திரைப் பெட்டியை அடுப்படி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் அது அங்கே இல்லை. பூசையறை மாடத்தில், விளக்கெண்ணெய்ப் பாத்திரத்துக்கும் திரிக்கட்டுக்கும் நடுவே இருந்தது. அவள் விளக்கேற்றி முடித்து, எரிந்த தீக்குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

"இங்க எதுக்கு?" என்று கேட்டேன்.

"வெளக்கை என்னைக்காச்சும் இன்னையோட முடிஞ்சுச்சுன்னு சொல்லியிருக்கோமா?" என்றாள். மாத்திரையை வாயில் இட்டு, செம்பிலிருந்து ஒரு மிடறு நீர் குடித்தாள்.

விரதம் வேறு, நித்திய பூசை வேறு என்பது எனக்குத் தெரியாத நூற்பொருள் அல்ல. நேர்ந்ததைக் கொடுத்து முடிப்பது விரதம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத நாளிலும் விளக்கேற்றி நிற்பது நித்தியம். அதற்கு முடிக்கும் நாள் இல்லை. ஆனாலும் இந்த நோயை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அவள் வைத்துவிட்டாள்.

அன்று முதல் எங்கள் நாள் வேறு விதமாக ஒழுங்குபட்டது. செம்பில் ஒரு நாளைக்குரிய நீரை அளந்து வைப்பேன். காப்பி குடித்தால் அவ்வளவு நீரைச் செம்பிலிருந்து எடுத்துவிடுவாள். நாக்கு வறண்டால் ஓர் ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வாள். கோயிலிலிருந்து நான் கொண்டு வரும் தீர்த்தத்தைக் கணக்கில் சேர்ப்பதா என்று ஒரு நாள் வாதம் வந்தது. பரிசோதனைக்குப் போனபோது அதைச் செவிலியிடமே கேட்டாள். "தீர்த்தம் ஒரு ஸ்பூன் சாமி கணக்கு. காப்பி மட்டும் அம்மே கணக்கு" என்று தீர்ப்பு வந்தது. பிரசாதமாகப் புளியோதரை கொடுத்தால் மறுக்காமல் வாங்கி, ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டு, மீதியை என் கையில் தள்ளிவிடுவாள். என் சாப்பாட்டிலும் உப்பு குறைந்தது. முதலில் சலித்தேன். பிறகு கத்தரிக்காயின் ருசி கத்தரிக்காயிலேயே இருப்பது தெரிய வந்தது. முட்டிவலிக்குக் கடை மாத்திரை வாங்குவதை விட்டு, மருத்துவரைக் கேட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம்.

எல்லா நாளும் நன்றாக இருந்தன என்று எழுதினால் பொய்யாகும். ஆனி மாதம் ஒரு வாரம் எடை மளமளவென்று கூடியது. உறவில் ஒரு திருமண விருந்துக்குப் போய் வந்திருந்தோம். நான் பயந்து பாட்டையெல்லாம் மறந்து நிற்க, அவள் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "விளிங்க" என்றாள், செவிலியின் குரலிலேயே. மருத்துவர் நீர் பிரியும் மாத்திரையின் அளவைச் சில நாட்களுக்கு மாற்றச் சொன்னார். கூடிய எடை இறங்கிற்று. மருத்துவமனையின் படியை மிதிக்காமலேயே அந்த வாரம் கடந்தது. விழா எடுத்துக் கொண்டாட வேண்டிய வாரம்தான். ஆனால் நாங்கள் வழக்கம்போல் உப்புக் குறைந்த ரசம் சோறுதான் உண்டோம்.

முதல் காய் எடுக்கும் நாள் வந்தபோது மலைக்கு வர வேண்டும் என்றாள். மருத்துவரைக் கேட்டோம். மூச்சும் எடையும் இப்படியே நிலையாக இருந்தால் போகலாம்; தோட்டத்தில் ஏற்ற இறக்கம் நடக்கக் கூடாது; மாத்திரையும் எடையும் மலையிலும் தவறக் கூடாது என்றார். ஆகையால் எடைக்கருவியைத் துண்டில் சுற்றி ஜீப்பில் ஏற்றினேன்.

"மச்சான், தோட்டத்துல காய் நிறுக்கத் தராசு இருக்கு. இது எதுக்கு?" என்றான் தம்பி.

"இது காய்க்கு இல்ல மாப்ளே. ஒங்க அக்காளுக்கு."

"அக்கா ஏ கிரேடா, பி கிரேடா?"

"போடா, வண்டியைப் பாத்து ஓட்டு" என்றாள் முன்னிருக்கையிலிருந்து.

இரவு தோட்டத்து வீட்டில் தங்கினோம். ஒற்றைத் தலையணை போதும் என்றாள். காலையில் எடை பார்க்க முனைந்தபோது ஓர் இடையூறு. அந்த வீட்டின் மண்தரை எங்கும் சமமாக இல்லை. கருவி ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண்ணைக் காட்டிற்று. தம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வேலு முன்னாடி கல்லு சமமா இருக்கு" என்றான். வீட்டை ஒட்டிய பாதைதான், மேடில்லை. அவள் என் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்தாள். ஏலச்செடிகளின் இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

பலாமரத்தடியில் வேலுக்கு எதிரே கிடக்கும் தட்டைக் கல்லின் மேல் கருவியை வைத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினாள். எதிரில் வேல் இருந்ததால் கைகள் தாமாகக் கூம்பின.

"என்னக்கா, துலாபாரமா?" என்றான் தம்பி.

"ஆமாடா. ஒரு தட்டுல நானு. மறு தட்டுல ஒன் மச்சான் பாட்டு. எது கனம்னு பாரு."

நான் குனிந்து எண்ணைப் பார்த்தேன். போடியில் முந்தின நாள் காலை கண்ட அதே எண். அவள் கண் மூடி நின்றாள். கேட்கவில்லை. பிறகு கண் திறந்து, புருவத்தால் மட்டும் வினவினாள்.

"அதேதான்" என்றேன்.

இறங்கி, முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்து உண்டாள். தம்பி சர்க்கரைப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டினான். அதில் உப்பு இல்லை; அவளுக்கென்று இனிப்பும் ஒரு கரண்டிதான். நான் பாட்டின் முதலடியை எடுத்தேன். வேண்டுமென்றே நீளமான அடி ஒன்றை எடுத்துவிட்டு, எடுத்தபின் அஞ்சினேன். அவள் அதை வாங்கி, விடலாகாத இடம் எதிலும் மூச்சு விடாமல், மெல்லிய குரலில் கடைசிச் சீர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பாட்டு முடிந்ததும் நான் வேல் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைத் தட்டினாள்.

"அந்த மிஷினு பனியில நனையுது பாருங்க. தொடச்சு வைங்க. நாளைக்கு வேணும்ல."

தோளில் கிடந்த துண்டை எடுத்து அதை ஈரம் போகத் துடைத்தேன்.